மாடித் தக்காளி எப்போது பழுக்கும்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் மொட்டை மாடிகளில் குரோ பேக்குகள், அதாவது செடி வளர்க்கும் பைகள், பெருகின. விதை போடுவதைப் பற்றியோ நாற்று நடுவதைப் பற்றியோ யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. காய் பிடித்த பிறகுதான் சந்தேகங்கள் வரிசை கட்டி வருகின்றன. திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

செடி வச்சு ரெண்டு மாசம் ஆயிட்சு. எப்போதான்க்கா பழம் பாக்கறது?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். விதையிலிருந்து நாற்று தயாராக 25 முதல் 30 நாள். பையில் நட்ட பிறகு பூ வர ஏறக்குறைய ஒரு மாதம். பூவில் பிஞ்சு பிடித்து, அது முழு அளவுக்கு வளர்ந்து முற்ற 35 முதல் 45 நாள். அதற்கு மேல் நிறம் ஏற ஒரு வாரம் பத்து நாள். ஆக, நட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டரை மாதத்தை ஒட்டித்தான் முதல் பழம் கிடைக்கும். செர்ரித் தக்காளி கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

விதை பாக்கெட்டில் 60 நாள், 65 நாள் என்று போட்டிருப்பது பெரும்பாலும் நாற்று நட்டதிலிருந்து எண்ணுவது. அதை விதை போட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டு, ஒரு மாதம் முன்னாலேயே கவலைப்பட ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம்.

காய் பெருசாயி பத்து நாளைக்கு மேல ஆவுது, அப்படியே பச்சையாவே கீது. செடிக்கு எதனா வியாதியா?

வியாதி இல்லை. தக்காளிக்கு இரண்டு வேலை இருக்கிறது. முதலில் அளவுக்கு வளர வேண்டும். பிறகு உள்ளுக்குள் விதை முற்ற வேண்டும். வெளியே பார்ப்பவர்களுக்கு முதல் வேலைதான் தெரியும். காய் முழு அளவுக்கு வந்த பிறகு விதை முற்றிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் வெளியே எதுவுமே நடக்காதது போல இருக்கும். விதை முற்றியதும் காய் எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளிவிட ஆரம்பிக்கும். அது பச்சையத்தைச் சிதைத்து, சிவப்பு நிறமியான லைகோபீனை உண்டாக்கும் வேலையைத் தொடங்கி வைக்கும். முதல் நிறம் தெரிந்துவிட்டால் பிறகு மளமளவென்று நடக்கும்.

முதலில் முற்றுவது, பிறகு நிறம் ஏறுவது என்ற இந்த இரண்டு கட்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. காய் முற்றும் வரை அவசரப்படுத்த வழியே கிடையாது. முற்றிய பிறகு நிறம் ஏறுவதில்தான் நம் கைக்குக் கொஞ்சம் வேலை உண்டு.

முத்திட்சா இல்லையான்னு தொட்டுப் பாத்தா தெரியுமா?

தொட்டால் தெரியாது, முற்றிய பச்சைக் காயும் கல் மாதிரிதான் இருக்கும். கண்ணால் பாருங்கள். வளரும் காய் மங்கலான அடர்பச்சை. முற்றியதும் அந்தப் பச்சை வெளுத்து, தோலில் ஒரு மினுமினுப்பு ஏறும். காயைச் செடியிலேயே மெல்லத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள்: பூ உதிர்ந்த புள்ளியைச் சுற்றி வெள்ளையாக, நட்சத்திரம் போல் கோடு பரவியிருந்தால் முற்றிவிட்டது. அடுத்த சில நாளில் அந்த இடத்தில்தான் முதல் இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும். காலை வெளிச்சத்தில் பார்த்தால்தான் இது தெரியும், மதிய வெயிலில் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும்.

இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் ஒரு காயைத் தியாகம் செய்யுங்கள். குறுக்கே வெட்டும்போது விதைகள் கத்திக்கு வழுக்கி நகர்ந்து, சுற்றிலும் கொழகொழவென்று பசை இருந்தால் முற்றிய காய். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். வெட்டிய காய் வீணாகாது, கூட்டில் போடலாம்.

ஒரே கொத்துல ஒண்ணு மட்டும் செவந்துட்சு, மத்ததுலாம் பச்சை. இன்னா காரணம்?

கொத்தில் பூக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. தண்டுக்கு அருகே இருப்பது முதலில் பூத்து, முதலில் காய்த்து, முதலில் பழுக்கும். நுனியில் இருப்பது கடைசி.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மற்றதெல்லாம் சின்னதாக இருக்கும்போது ஒன்று மட்டும் அவசரமாகச் சிவந்தால், சந்தோஷப்படும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள். காய்ப்புழு துளைத்த காயும், அடி கறுத்த காயும் முன்கூட்டியே நிறம் திரும்பும்.

நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே நாள்ல வச்சோம். அவங்களுது பழுத்துட்சு, எங்களுது இல்ல. ஏன்?

முதலில் ரகத்தைக் கேளுங்கள். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம் 1 நாட்டு வகை போல தட்டையாக, காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கும். கீழ்ப்பாதி சிவந்த பிறகும் மேல்பாதி கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் கலப்பினம்; கெட்டியான காய், காம்பு முதல் அடி வரை ஒரே சீரான நிறம். சமையலறையில் பிழிந்துவிட்ட தக்காளியிலிருந்து முளைத்த செடி என்றால், பெரும்பாலும் கலப்பினத்தின் அடுத்த தலைமுறை. தாய்ப்பழம் போலவே வரும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது வெயில். அவர்கள் மாடியில் ஆறு மணி நேரம் வெயில் பட்டு, உங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல் பாதி நாள் விழுந்தால், உங்கள் செடியில் காய் வளரவே இரண்டு மூன்று வாரம் கூடுதலாக ஆகலாம்.

வெயில் நல்லா அடிச்சா சீக்கிரம் பழுத்துடும்தானே?

இதில்தான் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏமாறுகிறார்கள். காய் வளர இலைக்கு வெயில் வேண்டும். பழுக்கக் காய்க்கு வெயில் வேண்டியதில்லை. தக்காளி சிவக்கச் சௌகரியமான வெப்பம் 20 முதல் 25 டிகிரி. 30 டிகிரியைத் தாண்டினால் லைகோபீன் உண்டாவது கிட்டத்தட்ட நின்றுவிடும். மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் மட்டும் உருவாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் பங்குனி, சித்திரையில் மாடித் தக்காளி சிவக்காமல் ஆரஞ்சும் மஞ்சளுமாக நின்றுவிடுகிறது. ரகம் மாறிப்போய்விட்டது என்று விதைக் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று, நாம் கேட்கும் வெப்பநிலை நிழலில் எடுத்தது. நேர் வெயில் படும் காய் காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். கீழே கான்கிரீட் தளம் வேறு இரவு வரைக்கும் அனலைக் கக்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்று மதியத்துக்கு முன்பின்னாக வந்துவிடுவதால் கொஞ்சம் தப்பிக்கலாம். அதே காற்று பெரம்பூர், கொளத்தூர் போய்ச் சேர நேரமாகும். அங்கே மாடி இன்னும் சூடு. பிப்ரவரி கடைசியிலிருந்து 35 சதவீத நிழல் வலை கட்டுங்கள். முடியாவிட்டால் மேற்கு வெயில் படும் பக்கம் ஒரு பழைய வெள்ளைப் புடவையைத் திரை மாதிரி கட்டினாலும் போதும். காயின் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துக் காகிதம் போல ஆகியிருந்தால் அது வெயில் சுட்ட இடம். அந்த இடம் இனிப் பழுக்காது.

அப்போ செடியிலயே வுடாம பறிச்சிடலாமா? செடியில பழுத்தாதானே ருசி?

பறிக்கலாம். எங்கள் பக்கத்து மாடிகளுக்கு அதுதான் நல்லது என்பேன். ஆனால் பச்சையில் பறிக்கக் கூடாது, செங்காயாகப் பறிக்க வேண்டும். அடிப்பக்கம் இளஞ்சிவப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால் செடியிடமிருந்து வாங்க வேண்டியதை ஏறக்குறைய முழுசாக வாங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வீட்டுக்குள் பழுத்ததற்கும் செடியில் பழுத்ததற்கும் ருசியில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. நம் கோடையில் வீட்டுக்குள் பழுத்ததுதான் இன்னும் சிவப்பாக இருக்கும், காரணம் மேலே சொன்ன வெப்பம்தான்.

கடைத் தக்காளி சப்பென்று இருப்பதைப் பார்த்துத்தான் இந்தப் பயம். மதனப்பள்ளி, கோலார் பக்கமிருந்து கோயம்பேட்டுக்கு லாரியில் நசுங்காமல் வர வேண்டுமென்று அதை இன்னும் பச்சையிலேயே பறித்துவிடுகிறார்கள். கெட்டித் தோலுக்காகவே தேர்ந்தெடுத்த ரகம் வேறு. மாடியிலிருந்து சமையலறைக்கு வரும் காய்க்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பறிக்கும்போது இழுக்காதீர்கள். காய்க்குச் சற்று மேலே காம்பில் முட்டி போல ஒரு கணு இருக்கும். அதில் கட்டை விரலை வைத்து மடக்கினால் 'டக்' என்று தனியே வந்துவிடும், கொத்தில் மற்ற காய் ஆடாது.

பறிச்சதை எங்க வெக்கறது? எங்க மாமியார் அரிசியில வெக்கச் சொல்றாங்க, வூட்டுக்காரர் ஃபிரிட்ஜ்ல வெக்கச் சொல்றார்.

மாமியார் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. அரிசிக்குள் புதைத்தால் காய் விடும் எத்திலீன் வெளியே போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு பழுக்க வைக்கும். மாங்காயை அப்படித்தான் பழுக்க வைக்கிறோம். தக்காளி தோல் மெல்லிசு. ஒன்று அழுகினால் அரிசியும் போச்சு. அதற்குப் பதில் காகிதப் பையில் போட்டு, கூட ஒரு பழுத்த வாழைப்பழம் வைத்து வாயை மடக்கி வையுங்கள். வாழைப்பழமும் எத்திலீன் விடும். தினம் ஒருமுறை திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். செங்காயாக இருந்தால் வாழைப்பழம்கூடத் தேவையில்லை, கூடையில் காம்புப் பக்கம் கீழே வைத்துப் பரப்பினாலே போதும். ஜன்னல் ஓரம் வெயிலில் வைக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்காதீர்கள். ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே போனால் பச்சைக் காயும் செங்காயும் பழுக்கும் சக்தியை இழக்கும். வெளியே எடுத்த பிறகும் புள்ளி புள்ளியாக, மாவு மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பழுத்து, இனித் தாங்காது என்ற பழத்தை மட்டும் இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

மாம்பழத்துக்கு வெக்கற கல்லு கொஞ்சம் வாங்கி வெச்சா?

வேண்டவே வேண்டாம். அது கால்சியம் கார்பைடு. பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். வியாபாரிகளுக்கே 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குள் எத்திலீன் வாயு மட்டும்தான் அனுமதி. வாழைப்பழம் அந்த வாயுவைச் சும்மாவே தருகிறது.

எங்க போர்ல உப்புத் தண்ணி. அதனாலதான் பழுக்க மாட்டேங்குதா?

உப்பு பழுப்பதைத் தடுக்காது. காயைச் சின்னதாக்கும், இலை ஓரத்தைக் கருக்கும், கால்சியம் ஏறுவதைக் கெடுக்கும். லேசான உப்பில் வளர்ந்த பழம் சின்னதாக இருந்தாலும் ருசி தூக்கலாக இருக்கும் என்பது ஒரு ஆறுதல். அதற்காக யாரும் உப்பு போட்டு வளர்க்க வேண்டாம்!

மெட்ரோ வாட்டர் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீர் அதில் கலந்து வந்தாலும் செடிக்கு ஒன்றும் செய்யாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, பக்கெட் வைத்துப் பிடியுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். பை மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால், நல்ல தண்ணீரை அடியில் வழியும் அளவுக்கு ஒருமுறை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

காசிமேட்டு மீன் கழிவுல மீன் அமிலம் போட்டு ஊத்தறேன். செடி தளதளன்னு கீது, ஆனா காயே நிறம் மாறல.

செடி தளதளவென்று இருப்பதுதான் அங்கே பிரச்சினை. மீன் அமிலத்தில் தழைச்சத்து அதிகம். தழைச்சத்து கிடைத்துக்கொண்டே இருந்தால் செடி புது இலையும் கிளையும் விடுவதிலேயே குறியாக இருக்கும், காய் பின்தங்கும். கழிவும் வெல்லமும் சம எடையில் போட்டு மூன்று வாரம் ஊறிய அமிலம், லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி என்று பூ வரும் வரை கொடுங்கள். காய் பிடித்ததும் நிறுத்திவிட்டு மண்புழு உரமும் கொஞ்சம் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) கொடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். மீன் அமிலத்தை நிறுத்தினால்தான் தெருப் பூனைகளும் உங்கள் மாடியை விட்டுப் போகும்.

தண்ணிய நிறுத்தினா சீக்கிரம் பழுக்கும்னு சொல்றாங்களே?

தரையில் ஆழமாக வேர்விட்ட செடிக்குக் கடைசி நாட்களில் தண்ணீரைக் குறைப்பார்கள். பையில் வளரும் செடிக்கு அது ஆகாது. ஒரு நாள் காய விட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் காய்க்குள் தண்ணீர் வேகமாக ஏறி, தோல் ஈடு கொடுக்க முடியாமல் காம்பைச் சுற்றி வெடிக்கும். திடீர் மழைக்குப் பிறகு வெடிப்பதும் இதனால்தான். நிறம் திரும்ப ஆரம்பித்த பிறகு லேசாகக் குறைக்கலாம், அவ்வளவே.

காய் அடியில கறுப்பா, அமுங்கிப்போன மாதிரி கீது. பூச்சியா?

பூச்சி இல்லை, நுனி அழுகல். காயின் அடிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. மண்ணில் கால்சியமே இல்லாமல் இது வருவது குறைவு. தண்ணீர் ஒரு நாள் அதிகம் ஒரு நாள் குறைவு என்று போவதாலும் உப்பாலும்தான் பெரும்பாலும் வருகிறது. முதல் கொத்தில் வந்து, தண்ணீரைச் சீராக்கியதும் அடுத்த கொத்தில் காணாமல் போய்விடும். முட்டை ஓடு போடலாம், ஆனால் அது மக்கிச் சத்தாக மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. கறுத்த காயைக் கிள்ளிவிடுங்கள்.

இலையெல்லாம் கிள்ளிட்டா காய்க்குச் சத்து போவுமா?

இலைதான் சத்தே தயாரிக்கிறது. மண்ணைத் தொடும் அடி இலை, பழுத்த இலை, சுருண்டு நோய் பிடித்த இலை, இவற்றை மட்டும் எடுங்கள். காய்க்கு மேல் குடை பிடிக்கும் இலையை எடுத்தால் காய் வெயிலில் வெந்துவிடும்.

எண்ணூர் பக்கம் வூடு. இலை மேல சாம்பல் தூசு படியுது. பழத்தைச் சாப்பிடலாமா?

தூசு இலையை மூடினால் வெளிச்சம் குறைந்து காய் வளர்ச்சி மெதுவாகும். வாரத்தில் இரண்டு காலை இலைகளைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். மாலையில் வேண்டாம், ஈரம் இரவெல்லாம் நின்று பூஞ்சை வரும். பழத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சாப்பிடுங்கள். வீட்டைச் சுற்றி இருக்கும் மண்ணை அள்ளிப் பையில் போடாமல், வெளியிலிருந்து வாங்கிய செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து போடுங்கள். மண்ணிலிருக்கும் கெட்ட உலோகங்கள் கீரையிலும் கிழங்கிலும் சேரும் அளவுக்குத் தக்காளிப் பழத்தில் சேர்வதில்லை. அந்தப் பக்கம் கீரை போடுவதற்குத்தான் நான் யோசிப்பேன்.

செவக்க ஆரம்பிச்ச மறுநாளே அணில் கடிச்சிடுது. இன்னா பண்றது?

அணிலுக்கு முன்னால் நீங்கள் பறிப்பதுதான் உறுதியான வழி. மேலே சொன்ன செங்காய்ப் பறிப்புக்கு இது இன்னொரு காரணம். விட்டுவைக்க ஆசை என்றால் கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கும் வலைப் பையைக் கொத்தோடு மாட்டிக் கட்டுங்கள். பறவைக்கும் காய்ப்புழு அந்துப்பூச்சிக்கும் அது போதும். எலிக்குப் போதாது, அது பையோடு கடிக்கும்.

புயல் வருதுன்னு சொல்றாங்க. செடி நெறைய பச்சைக் காய். இப்போ இன்னா பண்றது?

2023 டிசம்பர் மிக்ஜாம் அடித்தபோது இந்தக் கேள்வி எல்லா மாடியிலிருந்தும் வந்தது. நட்சத்திரக் கோடு விழுந்த காயையெல்லாம் பறித்து உள்ளே கொண்டுவந்து காகிதத்தில் பரப்புங்கள். அவை பழுக்கும், ஆனால் செங்காய் அளவுக்கு ருசி எதிர்பார்க்க வேண்டாம். முற்றாததைச் செடியிலேயே விட்டு, பையைக் கைப்பிடிச் சுவர் மூலைக்கு நகர்த்தி, குச்சியோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். செடியை வேரோடு பிடுங்கித் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்வார்கள். மழைக்கால ஈரத்தில் பழுக்கும் முன் பூஞ்சை பிடித்துவிடும்.

பச்சைக் காய் விஷம்னு சொல்றாங்களே, சமைக்கலாமா?

பச்சைக் காயில் டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் இருக்கிறது; பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும். வீட்டில் சாப்பிடும் அளவுக்குப் பயமில்லை. சின்னப் பிஞ்சு கசக்கும், விட்டுவிடுங்கள். முற்றிய காயில் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, பச்சை மிளகாய் வதக்கித் துவையல், இட்லிக்குக் கொத்சு எல்லாம் நன்றாக இருக்கும். இலையை மட்டும் சமைக்க வேண்டாம்.

ஏப்ரல்ல பூவெல்லாம் கொட்டுது. மிச்சம் நாலஞ்சு காய் பச்சையா நிக்குது. செடிய வுடறதா, புடுங்கறதா?

பகல் 35, இரவு 25 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சாகாமல் உதிரும். அக்னி நட்சத்திரம் முடியும் வரை அது மாறாது. இருக்கிற காய்க்காக மட்டும் செடியை வைத்துக்கொள்ளுங்கள்: கிளை நுனிகளையும் மிச்சப் பூக்களையும் கிள்ளிவிட்டு, வலைக்கு அடியில் நகர்த்தி, செங்காயானதும் பறித்துவிட்டுப் பிடுங்குங்கள். இலைச் சுருட்டை வந்த செடி என்றால் காத்திருக்கவே வேண்டாம். வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

அந்தப் பை மண்ணில் உடனே கத்தரியோ மிளகாயோ வைக்காதீர்கள், ஒரே குடும்பம், ஒரே நோய். வெண்டையோ தண்டுக்கீரையோ போடுங்கள். அடுத்த தக்காளிக்கு ஐப்பசியில் மழை படாத இடத்தில் நாற்றுத் தட்டு வைத்தால், மழை ஓயும்போது நாற்று நடத் தயாராக இருக்கும். மாசியில், வெயில் ஏறும் முன்னால், பழம் நல்ல சிவப்பாகக் கிடைக்கும்.